அடிப்பக்கம்

மேசை ரம்பத்தில் பிளேடு எட்டிப்பார்க்கும் துவாரம் விரல் அகலத்துக்கு இருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த தச்சர் அந்த இடத்தில் துவாரமே இல்லாத ஒரு தட்டைப் பொருத்தி, சுழலும் பிளேடை மெல்ல மேலேற்றினார். அது தன் கனத்துக்கு மட்டும் வழி அறுத்துக்கொண்டு வெளியே வந்தது.

பட்டறைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு பலகை அறுக்க அரை நாளா?"

"பிளேடைச் சுத்தி சந்து இருந்தா பலகையோட அடிப்பக்கம் பிசிறடிக்கும்ண்ணே."

"சுவத்துல மாட்டுற பலகைய யாருய்யா மல்லாந்து படுத்துப் பார்க்கப் போறா?"

தச்சர் பலகையை பிளேடை நோக்கி மெல்லத் தள்ளினார்.

"பலகை கேட்டது யாரு, மகாராணியா?"

"அப்படித்தான் வெச்சுக்குங்க. அவங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது."

அந்த மகாராணியை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று சாயங்காலம் பட்டறைக்காரரும் கூடவே கிளம்பினார். வண்டி தச்சரின் வீட்டு வாசலில் நின்றது. உள்ளே, விபத்துக்குப் பிறகு எழுந்திருக்கவே முடியாத அவர் மனைவி கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள். அவளுக்கு நேர் மேலே பலகையை மாட்டினார்கள். அவள் அதையே வெகுநேரம் பார்த்தாள்.

"இடது ஓரத்துல லேசா பிசிறு தெரியுதே."

"கழட்டுய்யா," என்றார் பட்டறைக்காரர். "நாளைக்கு வேற தட்டு போட்டு அறுப்போம்."