விடுப்புக் கடிதம்

காலை வெயில் சன்னல் கம்பிகளுக்கிடையே நுழைந்து மேசைமேல் கோடு கோடாக விழுந்திருக்கிறது. காவலாளி நீட்டிய ஆங்கிலக் கடிதத்தைத் தலைமை எழுத்தர் அம்மாள் வாங்கிப் பிரிக்கிறாள். அவள் கண்ணுக்கு ஒரு பிழையும் தப்பாது என்று அலுவலகத்தில் பேர். சிவப்புப் பேனா தானாகவே நகர்கிறது. ‘லீவ்’ என்பதில் ஓர் எழுத்து குறைகிறது, வட்டமிடுகிறாள். ‘ஒய்ஃப்’ என்பதில் எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கின்றன; அதற்கும் ஒரு வட்டம். அடுத்த சொல் ‘டை’ என்று நிகழ்காலத்தில் நிற்கிறது. அதை அடித்த பிறகுதான், மனைவி இறந்துவிட்டாள் என்ற வாக்கியம் அவளுக்கு உறைக்கிறது. நிமிர்ந்து பார்க்கிறாள். சவரம் செய்யாத முகத்தோடு, தொப்பியை இரு கைகளாலும் பிடித்தபடி, அவர் அந்தச் சிவப்பு வட்டங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“எப்போண்ணே?”

“போன வாரம், மேடம். லெட்டர் குடுத்தாத்தான் லீவுன்னு சொன்னாங்க.”

“இதுவே போதும்ண்ணே. நான் பாத்துக்கறேன்.”

“வேணாம் மேடம். அவளைப் பத்தி எழுதின கடுதாசி. தப்பும் தவறுமா இருக்கக் கூடாது.”

வெள்ளைத் தாள் ஒன்றை வாங்கி, மேசை ஓரத்தில் குனிந்து, திருத்தங்களைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறார். அழுத்திப் பிடித்ததில் கட்டைவிரல் நகம் வெளுத்திருக்கிறது. அடித்த இடம் வந்ததும் பேனா நிற்கிறது.

“இங்க என்ன வரணும் மேடம்? ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க.”

“டி...” என்கிறாள். எழுதுகிறார். “ஐ...” என்றவள் சிவப்புப் பேனாவை மூடி வைக்கிறாள். தாளில் பேனாவை ஊன்றியபடி, அவர் அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கிறார்.