மடியில் ஏறிய பயணி

பல் டாக்டரைக் கண்டாலே குழந்தைகள் வீறிடும். இந்தக் குட்டிப் பெண்ணோ, விமானம் மேலேறியதும் தத்தித் தத்தி வந்து, அவர் மடியில் ஏறித் தூங்கியே போனாள்.

அசைந்தால் அழுவாளோ என்று அவர் சிலையாக உட்கார்ந்திருந்தார். கை மரத்தது. சாப்பாடு வந்தது, போனது. பாத்ரூம் அவசரம் வந்தது. அது மட்டும் போகவில்லை.

பக்கத்து சீட்டுக்காரி, தன் கைக்குழந்தையோடு சரி. இந்தப் பக்கம் திரும்பவேயில்லை. 'பெத்தவளுக்கு என்ன அழுத்தம்!' என்று பல்லைக் கடித்தார்.

பணிப்பெண் வந்தாள். "இறங்கப்போறோம். பாப்பாவ அவ சீட்டுல உட்கார வைங்க சார்."

டாக்டர் பக்கத்து சீட்டுக்காரியிடம் திரும்பினார். "இப்பவாவது உங்க பொண்ண வாங்கிக்குங்கம்மா!"

"என் பொண்ணா? உங்க பொண்ணுன்னுல்ல நினைச்சேன்!"

"அப்ப இது யார் குழந்தை?" பணிப்பெண் அலறினாள்.

முன்வரிசையில் ஒருவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான். பின்வரிசையிலிருந்து அவன் மனைவி ஓடிவந்தாள்.

"உன்கிட்டதானே இருந்தா?"

"உங்ககிட்ட இருக்கான்னு நிம்மதியா தூங்கிட்டேனே!"

டாக்டர் வெடிக்க வாயெடுத்தார். அதற்குள் மகளை வாங்கிக்கொண்ட அந்த அம்மா கெஞ்சலாகக் கேட்டாள்:

"சார்... நீங்க எந்த ஃப்ளைட்ல திரும்பிப் போறீங்க?"