மாமி 3

பழைய கீபோர்டைத் தூக்கிப் பார்த்தான். ஆறு கிலோ இருக்கும்.

இரண்டு பக்கமும் மரச்சட்டம். இடதுபக்கச் சட்டத்தில் ஒரு விரிசல். முப்பத்தேழு கட்டைகள். நடுவில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு குமிழ். அதன் கறுப்பு ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. கட்டைவிரல் படும் இடம்.

விலை ஒரு லட்சத்து இருபதாயிரம். புதிது என்றால் இரண்டைத் தொடும்.

செல்வின் ஒயர்களைச் செருகிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். வீட்டிலும் சட்டையை பேன்ட்டுக்குள் விட்டிருந்தார். சாலிகிராமத்தில் மூன்றாவது மாடி. சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"எதுக்கு வாங்கறீங்க தம்பி?"

"ஆல்பம் ஒண்ணு பண்றேன்ணே."

வரும் வழியிலேயே தயார் செய்த பதில்.

முதல் ஒலி, மணி. குமிழைத் திருப்பினான். மணி மெல்லக் கண்ணாடியானது. கண்ணாடி தொண்டையானது. இன்னும் திருப்பினால் தகரம். ஒவ்வொரு ஒலிக்குள்ளும் அறுபத்துநான்கு அலைகள் அடுக்கப்பட்டிருந்தன. குமிழைத் திருப்பத் திருப்ப ஒலி ஓர் அலையிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தது. எங்கே ஒன்று முடிகிறது, எங்கே மற்றது தொடங்குகிறது என்று காது பிடிக்கவில்லை.

இதே ஒலிகள் கணினியில் கிடைக்கும். பத்தில் ஒரு பங்கு விலைக்கு. மௌஸால் நகர்த்த வேண்டும். ஐந்து நாள் நகர்த்திப் பார்த்துவிட்டான்.

வரவில்லை.

"எப்படி இருக்கு?"

"கீழ நல்லாருக்கு. மேல போனா கொஞ்சம் குத்துதுண்ணே."

"குத்தணும்ல. தடவிக் குடுக்கறதுக்கு வயலின் இருக்கு."

விரிசல் மேல் விரலை ஓட்டினான். ஒன்று பத்துக்குத் தர முடியுமா என்று கேட்டான். செல்வின் சிரித்தார். பார்க்கலாம் என்ற சிரிப்பு.

"எனக்கு இனிமே இதுக்கு வேலை இல்ல தம்பி. இந்த சத்தம்லாம் பழசாயிடுச்சாம்."

அவன் கருவியின் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டான்.

செல்வின் போட்டிருந்த விற்பனை விளம்பரத்தின் புகைப்படத்தில் அந்தத் திரை எரிந்துகொண்டிருந்தது. ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் தெரிந்தது. மாமி 3. அதைப் பார்த்துத்தான் வந்திருந்தான்.

வாரத்துக்கு ஆறு நாள் வரும் சீரியல். நானூறு எபிசோடுக்கு செல்வின்தான் பின்னணி இசை. டைட்டிலில் தன் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டார். இசையை மொத்தமாக மாற்றப்போகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த இடத்துக்கு வந்தவன் அவன். செல்வினுக்கு அது தெரியாது.

முதல் வாரம் முடிந்ததும் இயக்குநர் போன் செய்தார். "ஆளைத்தான் மாத்தச் சொன்னேன். சத்தத்தை யாருய்யா மாத்தச் சொன்னது?" திங்கட்கிழமைக்குள் பழைய சத்தம் வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆள்.

இன்று சனிக்கிழமை.

ஒவ்வொரு ஒலியாகத் தள்ளிக்கொண்டே போனான். காற்று. ஈரக் கம்பி போல ஒன்று. மாமி 1. மாமி 2.

அடுத்ததில் நிற்கக் கூடாது என்று நினைத்திருந்தான். ஒரே ஒரு தடவை அழுத்த வேண்டும். கேட்க வேண்டும். பெயரைக் கவனிக்காதவன் போலத் தள்ளிவிட வேண்டும்.

மாமி 3.

அழுத்தினான்.

அதேதான்.

கை நிற்கவில்லை. இரண்டாவது தடவை அழுத்தியது. குமிழைக் கால்வாசி திருப்பியது. மூன்றாவது தடவை அழுத்தியது. முழுவதும் திருப்பியது.

சீரியலில் ஒரே முகத்தை மூன்று முறை கிட்டத்தில் காட்டுவார்கள். மூன்று முறைக்கும் பின்னணி இசையில் மூன்று அடி.

ஆல்பத்தில் யாரும் அப்படி வாசிப்பதில்லை.

மிக்ஸி நின்றது.

"என்னங்க, மாமியார் வாசலுக்கு வந்துட்டாங்களா?"

சமையலறையிலிருந்து செல்வினின் மனைவி. குரலில் சிரிப்பு இருந்தது.

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

செல்வின் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆல்பம்" என்றார்.

அவன் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

செல்வின் கருவியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினார். எல்லா ஒலிகளையும் அழிக்கவா என்று திரை கேட்டது.

விரலை எடுக்காமல் கேட்டார்.

"என் சத்தத்தைப் பத்தி என்ன சொன்னாங்க?"

சரியில்லை என்றார்கள் என்று சொல்லலாம். அப்படியானால் நீ எதற்கு வந்தாய் என்பார். நன்றாக இருந்தது என்றால், என்னை எதற்கு அனுப்பினார்கள் என்பார்.

"டைரக்டர் ஆளைத்தான் மாத்தச் சொன்னாராம்ணே. சத்தத்தை இல்லையாம்."

செல்வின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியை வெளியே இழுத்துத் துடைத்தார். மாட்டிக்கொண்டார். சட்டையை மறுபடி உள்ளே விட்டுக்கொள்ளவில்லை.

வேண்டாம் என்பதை அழுத்தினார்.

"மூணாவது அடிக்குப் பாதிதான் திருப்பணும். முழுசாத் திருப்பினா மாமியார் பேயாயிடுவா."

பிறகு வேறொரு பக்கத்துக்குப் போனார். பெயர் மாற்றும் பக்கம். மாமி 3 ஓரோர் எழுத்தாக அழிந்தது. புதிய எழுத்துக்குக் குமிழைத் திருப்ப வேண்டும். ஏ, பி, சி என்று ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும்.

எஸ் வர நேரமானது. பிறகு ஈ. பிறகு எல்.

அவர் அவசரப்படவில்லை.

ஆறு எழுத்து.

"ஒண்ணு இருபது. குறைக்க முடியாது."

சேமிக்கவா என்று திரை கேட்டது.

செல்வின் கையை எடுத்துக்கொண்டார். கருவியை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.