இரண்டு அழுத்தம்

நான் மல்யுத்த மேடையை விட்டு இறங்கி ஆறு வருஷமாகிறது. என்னை அச்சடித்தாற்போல் ஆட்டம் நடத்தும் கம்பெனி செய்துவைத்த எந்திரம் இன்னும் இறங்கவில்லை. 'புயல் பூங்கோதை' என்ற என் பட்டப்பெயரோடு, என் முப்பது வயது முகத்தோடு, சனிக்கிழமைதோறும் அது சண்டை போடுகிறது. நான்தான் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன். வலியே தெரியாத உடம்பு என்றார்கள்.

நேற்று ஆட்டம் முடிந்த கையோடு ரோஸ்லின் போன் செய்தாள். பத்து வருஷம் என்னோடு மோதியவள். இப்போது அதோடு மோதுகிறாள்.

"அக்கா, அது என் கையை அழுத்துச்சுக்கா."

எங்கள் ஆட்டத்தில் யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவானதுதான். விழுகிற அடி மட்டும் நிஜம். அதனால் விழுந்ததும் கேமராவுக்குத் தெரியாமல் எதிராளியின் கையை அழுத்துவோம். ஒரு தடவை என்றால், எனக்கு ஒன்றுமில்லை, தொடரு. இரண்டு தடவை என்றால், தாங்கமுடியவில்லை, நிறுத்து. கம்பெனிக்காரர்கள் என் அசைவுகளைப் பதிவு செய்த அறையில் நான் தனியாகத்தான் விழுந்து எழுந்தேன். இந்தக் கை விஷயத்தை அவர்களிடம் சொல்லவே இல்லை.

"எத்தனை தடவைடி?"

"ரெண்டு."

"நிறுத்தினியா?"

ரோஸ்லின் அழுதாள். "பயந்துபோய் கையை உருவிட்டேன்க்கா. அப்புறம் அவங்க சொல்லியிருந்தபடியே தூக்கித் தூக்கிப் போட்டேன்."

எதிரே டிவியில் அதே ஆட்டம் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் என் பேரைச் சொல்லிக் கத்தியது. மல்லாந்து கிடந்த என் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. விரல்கள் மட்டும் ஒரு கையைத் தேடி விரிப்பைத் துழாவிக்கொண்டே இருந்தன.