இவளுக்கு மறதி

"இவளுக்கு ரெண்டு மாசமா மறதி, டாக்டர். சாப்பாடு போடாமலே, போட்டாச்சுன்னு சாதிக்கிறா," என்றார் பேருந்து ஓட்டுநர்.

அவர் மனைவி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஸ்கேன் மெஷினைப் பார்த்ததும் நடுங்கிட்டா. பயம் தெளியட்டும்னு முதல்ல நானே உள்ள படுத்துக் காட்டினேன்."

டாக்டர் திரையைப் பார்த்தார். மூளையின் ஓரமெங்கும் வெள்ளை நாடா ஒட்டியதுபோல் மின்னியது.

"ஸ்கேன் படத்துல தெளிவா தெரியுதும்மா. மூளை வேகமா அழியுற நோய். இந்த நோய்க்கு மருந்தே இல்ல. சில மாசம்தான்."

அவள் உடைந்து அழுதாள். ஓட்டுநர் அவள் தோளைத் தட்டினார். "அழாத. கடைசிவரைக்கும் உன்னை நான் பார்த்துக்கிறேன்."

அவர் தண்ணீர் கொண்டுவர வெளியே போனதும் டாக்டர் கேட்டார்: "ஸ்கேன் எடுத்தது அவருக்கு மட்டும்தான்னு சொல்லிடட்டுமா?"

"வேண்டாம் டாக்டர். நோய் எனக்குன்னே இருக்கட்டும்."