வலைக்குப் பின்னால் ஓர் இருக்கை

“முதல் பாதிக்கு இந்தப் பக்கம், ரெண்டாம் பாதிக்கு அந்தப் பக்கம். அப்படி ஒரு டிக்கெட் இருக்காம்மா?”

டிக்கெட் ஜன்னலுக்குள் இருந்த தமிழ்ப் பெண் சிரித்துவிட்டாள். வரிசையில், அதைக் கேட்ட தையல்காரருக்குப் பின்னால், கழுத்தில் மேளத்தை மாட்டிக்கொண்டு நின்றவன் அவளைவிடச் சத்தமாகச் சிரித்தான்.

“பெரியவர் ஆட்டத்துல இறங்குறதுக்கே டிக்கெட் கேக்குறாரு. குடுத்து அனுப்புங்க!”

தையல்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. விமானத்தில் கண்ணை மூடாமல் யோசித்துக்கொண்டு வந்த விஷயம் அது. பாதி ஆட்டம் முடிந்ததும் கோல்கீப்பர்கள் பக்கம் மாறிவிடுவார்கள். அவர் பார்க்க வந்தது ஒரு கோல்கீப்பரை மட்டும். மற்றவர்கள் எங்கே ஓடினால் அவருக்கு என்ன?

“ஒரு ஆளுக்கு ஒரு சீட்டுதான் ஐயா. எந்தப் பக்கம்னு சொல்லுங்க.”

“கோலுக்கு நேர் பின்னாடி. முதல் வரிசை.”

“அங்க வலை மறைக்கும். கோல்கீப்பரோட முதுகுதான் தெரியும்.”

“அது போதும்மா.”

வெளிநாட்டிலிருந்து வருகிற ரசிகர்களுக்கென்று அந்த ஜன்னல். பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் டிக்கெட்; டிக்கெட்டிலும் பெயர் அச்சாகும். சட்டைப் பையிலிருந்த பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். வாழ்நாளில் முதல் பாஸ்போர்ட். இந்த ஒரு ஆட்டத்துக்காக எடுத்தது.

அவள் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டே வந்தாள். பாதியில் நிறுத்தி, நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு திரும்பித் தனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள். விற்பனைக்கு மாட்டியிருந்த சட்டைகளில் கோல்கீப்பரின் பச்சைச் சட்டையும் இருந்தது, முதுகுப் பக்கம் தெரிய.

“அட, அதே பேரு! சொந்தமா ஐயா? சொந்தம்னா டிக்கெட்டே வேண்டாமே. உள்ள ஒரு போன் போட்டா அவங்களே வாசலுக்கு வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க.”

அவள் கை போனுக்குப் போனது.

“வேண்டாம், வேண்டாம். எங்க ஊர்ல தெருவுக்கு நாலு பேருக்கு இந்தப் பேரு.”

பொய். அவர் ஊரில் அந்தப் பெயர் அவர் ஒருவருக்குத்தான். கடைப் பலகையில்கூட ‘தையலகம்’ என்று எழுதவில்லை, பெயர் மட்டும்தான். அதுவே போதுமாக இருந்தது.

போன் போட்டு, உள்ளே இருக்கிற கோல்கீப்பரும் வாசலுக்கு வந்து, “யாருங்க இவரு?” என்று கேட்டுவிட்டால்?

கேட்டால் அவளைக் குறை சொல்லவும் முடியாது.

ஊரில் இருந்த அத்தனை கால்பந்து அணிக்கும் சட்டை தைத்தவர் அவர்தான். எவன் எவன் பெயரையோ முதுகில் வைத்துத் தைத்திருக்கிறார். வீட்டில் இருந்த ஒரே பெண் தனக்கும் ஒன்று கேட்டு வந்து நின்றபோது மட்டும், மிஷினை நிறுத்தாமலே சொன்னார்: “மைதானத்துல விழுந்து புரள்றவ எனக்குப் பொண்ணு இல்ல. இனிமே என் பேரை உன் பேரோட சேர்க்காதே.”

அவள் பையை எடுத்துக்கொண்டு வாசற்படி இறங்கினாள். அப்போதும் மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

டீக்கடை டிவியில் அவளை முதன்முதலாகப் பார்த்த அன்று, முதுகில் தன் பெயரைக் கண்டு திடுக்கிட்டார். பிறகு தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். தங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் அதைக் கேட்கிற இடத்தில் அப்பன் பெயரைத்தான் எழுதவேண்டும். அங்கிருந்து அது தானாகச் சட்டைக்குப் போயிருக்கும். பாவம், அவள் என்ன செய்வாள்?

ஜன்னலில் இருந்தவள் தட்டி முடித்து, அச்சு இயந்திரத்தை முடுக்கிவிட்டாள். அது வார்த்தையை மெல்லுவதுபோல் மெதுவாக நகர்ந்தது. அதுவரை சும்மா இருக்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

“உங்க பேரு ரொம்ப நீளம் ஐயா. அவங்களுக்கும் முதுகுல அடங்கவே இல்ல. ‘உங்க சொந்தப் பேரையே போட்டுக்குங்க, எல்லாரும் அப்படித்தானே போடுறாங்க’ன்னு கிளப்புல அவங்ககிட்ட எவ்வளவோ சொல்லிப் பார்த்தாங்க. அவங்க கேக்கணுமே! ‘எழுத்தைச் சின்னதாக்குங்க, பேர்ல கை வைக்காதீங்க’ன்னு ஒரே பிடிவாதம்.”

தையல்காரர் சுவரை நிமிர்ந்து பார்த்தார்.

தோள் தையலிலிருந்து தோள் தையல் வரை எழுத்துகள் நெருக்கியடித்து நின்றன. விரல் நுழைய இடமில்லை. கடைசி எழுத்து சட்டைக் கையின் தையல்மேல் ஏறிக்கூட இருந்தது. அவரிடம் கொண்டுவந்திருந்தால், இவ்வளவு நீளப் பெயர் சட்டையைக் கெடுத்துவிடும் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பார்.

இயந்திரம் டிக்கெட்டைத் துப்பியது. அவள் அதைக் கிழித்து, பாஸ்போர்ட்டுக்குள் செருகி நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

“அம்மா, ஒரு உதவி.” ஜன்னலை ஒட்டிக் குனிந்தார். “வலைக்குப் பின்னாடி வேண்டாம்மா. அவ முகம் தெரியிற மாதிரி எங்கயாவது மாத்திக் குடேன்.”

“பேர் அடிச்சாச்சே ஐயா,” என்றாள் அவள், உண்மையிலேயே வருத்தப்பட்டு. “இனிமே மாத்த முடியாது.”