கேமராவில் இன்னொரு தலை

"ஏம்மா, இதுல என்னமோ அப்டேட் கேக்குது. குடுக்கலாமா, வேண்டாமா?"

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த மாமனார், செல்போனை மருமகளின் முகத்துக்கு நேரே நீட்டினார். கம்ப்யூட்டர் திரையில் மேனேஜரும் அவள் டீமில் உள்ள அத்தனை பேரும் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜருக்கு அவள் ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருந்த நேரம்.

பல்லைக் கடித்துக்கொண்டு, "குடுங்க மாமா" என்றாள்.

"குடுத்தா போட்டோவெல்லாம் போயிடாதே?"

"போகாது மாமா. நான் மீட்டிங்ல இருக்கேன்."

"அப்படியா? பேசுங்க, பேசுங்க" என்று திரையைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு வெளியே போனார்.

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, அப்புறம் பேசலாம்" என்று அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

வாரத்தில் பாதி நாள் இந்தக் கூத்துதான். ரிமோட்டைக் காணோம் என்பார். ஜன்னலைச் சாத்தட்டுமா என்பார். பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்பார். மீட்டிங் இல்லாத நேரத்தில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். கேமராவை அணைத்து வைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. எல்லார் முகமும் தெரிந்தாக வேண்டும் என்பது மேனேஜர் போட்ட சட்டம்.

சாயங்காலம் கணவன் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கப்பா பண்றது உங்களுக்கே நல்லா இருக்கா?"

"ஏன், என்னாச்சு?"

"புது ப்ராஜெக்டுக்கு யாரை லீடா போடறதுன்னு இப்பதான் பேசிட்டிருக்காங்க. நான் வாயைத் திறந்தா இவர் வந்து நிக்கிறார். 'உங்க வீட்ல வேலை பாக்கற சூழ்நிலை இருக்கா'ன்னு மேனேஜர் கேக்கறார். மானம் போகுதுங்க."

"தாழ்ப்பாள் போட்டுக்கயேன்."

"போட்டும் பாத்தாச்சு. கதவைத் தட்டறார்."

அவன் தலையைச் சொறிந்தான். அப்பாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டிய ஆண்பிள்ளைக்கு வேறென்ன வேலை?

"வேணும்னா அக்கா வீட்டுக்கு அனுப்பி வைக்கலாம். ஆனா அங்க எல்லாரும் வேலைக்குப் போயிடுவாங்க. பகல் முழுக்கத் தனியா உக்காந்திருக்கணும்."

"இங்க மட்டும் நான் என்ன, அவரோட உக்காந்து கதையா பேசிட்டிருக்கேன்?"

சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாமனாரும் மறுபேச்சுப் பேசவில்லை. "சரிடா, போறேன். கிளம்பற வரைக்கும் அந்த ரூம் பக்கம் வர மாட்டேன்னு அவகிட்ட சொல்லிடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்து வைத்துக்கொண்டார்.

அவர் கிளம்பும் நாளும் வந்தது. வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. போகும்போது ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளட்டுமே என்று கதவை லேசாகத் திறந்து வைத்துவிட்டு, மருமகள் மீட்டிங்கில் உட்கார்ந்தாள்.

முந்தின நாள் அவள் அனுப்பிய ப்ரோக்ராமில் ஒரு தப்பு. மேனேஜர் பிடித்துக்கொண்டார்.

"கண்ணை எங்க வச்சுட்டு வேலை பாக்கறீங்க? மூளையை யாருக்காவது இரவல் குடுத்துட்டீங்களா?"

ஹெட்போனுக்குள் காது கிழிந்தது. மற்றவர்கள் எல்லாரும் குனிந்து எதையோ டைப் செய்வதுபோல் பாவனை செய்தார்கள்.

"சாரி சார்."

"உங்க சாரியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"சாரி சார்... இன்னைக்கே சரி பண்ணிடறேன். சாரி சார்."

கதவுக்கு வெளியே ஏதோ கிசுகிசுப்பு. அவள் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மெல்ல நகர்த்தினாள்.

"டேய், உள்ள போடா!" மாமனார் குரல்.

"எதுக்குப்பா? அவ மீட்டிங்ல இருக்கா."

"அதுக்குத்தான் சொல்றேன். நான் வர மாட்டேன்னு சொல்லிட்டேன். நீ போ. சார்ஜரைத் தேடற மாதிரி போ."

"என்னப்பா நீங்க, வண்டி வர்ற நேரத்துல..."

"அந்த ஆள் பேசறது எனக்குக் கேக்காதுடா. இவ குரல்தான் கேக்கும். ஒரு சாரின்னா, சரி, வேலைன்னா இருக்கறதுதான்னு விட்டுடுவேன். வரிசையா சொல்ல ஆரம்பிச்சா எனக்கு மனசு தாங்காது. வெளி ஆள் தலை தெரிஞ்சா போதும், அவன் அடங்கிடுவான், இவளும் சாரியை நிறுத்திடுவா. தினமும் பாக்கறேனே! போடா, நிக்காத!"

பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாதவளுக்காக, மனுஷன் கதவுக்கு வெளியே காவல் நின்றிருக்கிறார். அவரைத்தான் வண்டி ஏற்றி அனுப்பப் பார்த்தாள்.

கணவன் கையில் சார்ஜரை வைத்துக்கொண்டே, "என் சார்ஜரைப் பாத்தியா?" என்று அசடு வழிந்தபடி உள்ளே வந்து, கேமராவில் விழாமல் கதவோரமே நின்றான்.

"வண்டி வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றாள் அவனிடம்.

"என்ன மேடம், நான் பாட்டுக்குக் கேட்டுட்டே இருக்கேன், பதிலைக் காணோம்?" என்று மேனேஜர் இரைந்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேமராவை நேராகப் பார்த்தாள்.

"தப்பை இன்னைக்கே சரி பண்ணிடறேன் சார். ஆனா கொஞ்சம் மெதுவா பேசுங்க. வீட்ல பெரியவங்க இருக்காங்க."